அணிபவர் நிலை

பட்டுச் சீலைப் பெட்டியை மரகதம் வாசற்படியிலேயே வைத்தாள். உள்ளே கொண்டுவந்து வைத்தால் கையா ஒடிந்துவிடும்? கேட்க சுலோச்சனாவுக்கு நாக்கு துடித்தது. கல்யாண வீடாச்சே என்று அடக்கிக்கொண்டாள்.

"கோவிச்சுக்காதே சுலோ. பட்டு நல்ல பட்டுதான், குறை சொல்லலை. ஆனா உன் கையால வாங்கின சீலையைக் கட்டிக்கிட்டுப் பொண்ணு மணையில உக்காந்தா நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க."

"எந்த நாலு பேரு அண்ணி? பேரைச் சொல்லுங்க, நானே போய்க் கேட்டுட்டு வரேன்."

"பாத்தியா, இந்த வாய்க்குத்தான் உன்கிட்ட ஒண்ணும் சொல்ல முடியறதில்லை."

மரகதம் சுலோச்சனாவின் அண்ணன் தண்டபாணியின் மனைவி. கல்யாணப் பொண்ணு நிறைமதி அவர்களுடைய ஒரே மகள். மகள் என்று பெயர்தான். அண்ணனும் அண்ணியும் சூரத்தில் பலகாரக் கடை போட்டிருந்த காலம் பூராவும் அந்தப் பிள்ளை இங்கே இளம்பிள்ளை ஊரில் அத்தை வீட்டில்தான் வளர்ந்தது. பிள்ளை இல்லாத வீடு அது. சுலோச்சனாவும் அவள் புருஷனும் அந்தக் குழந்தைக்குச் சளி பிடித்தால்கூட ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து விடிய விடிய விழித்திருப்பார்கள். அப்படி வளர்த்த பொண்ணு.

"நான் வளர்த்த புள்ளை அண்ணி அது."

"வளர்த்தே. யாரு இல்லைன்னா? முகூர்த்தத்துக்கு வா. பந்தியில நல்லா சாப்பிடு. மேடைப் பக்கம் மட்டும் வந்துறாதே. நிறைமதி நல்லா இருக்கணும்னு நீயும்தானே நெனைக்கறே? அப்ப ஒதுங்கி நில்லு."

இதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள், அதில்தான் சுலோச்சனாவுக்கு வயிறு எரிந்தது. திட்டினால் திருப்பித் திட்டலாம். சிரிக்கிறவளை என்ன செய்ய?

போகும்போது மரகதம் தன் முந்தானையைத் தட்டிவிட்டாள். கிளிப்பச்சையாக இருந்த சீலை வெயிலுக்குப் பொருத்தமாக மாம்பழ மஞ்சளுக்கு மாறியது. எல்லாம் ஓணான் சீலை!

கம்பெனிக்காரர்கள் அதற்கு 'வண்ணமயில்' என்று பெயர் வைத்தார்கள். ஊர் 'ஓணான் சீலை' என்று வைத்தது. ஊர் வைத்த பெயர்தான் நின்றது. சாயப்பட்டறைகளை எல்லாம் மூடின பிறகு வந்த துணி அது. நூலில் ஒரு சொட்டுச் சாயம் கிடையாது. காற்றில் வருகிற கட்டளையைக் கேட்டு நூல் நிறம் காட்டும். கட்டளை எங்கிருந்து வருகிறது? இணையச் சந்தையில் கடைக்காரன் ஏற்றுகிற ஷீட்டிலிருந்து. விற்ற ஒவ்வொரு சீலைக்கும் அந்த ஷீட்டில் ஒரு வரிசை. விற்று முடிந்த பிறகும் வரிசை போகாது, சீலை கிழிகிறவரைக்கும் இருக்கும். உடல் நிறம், கரை நிறம், முந்தானை என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டங்கள். ஷீட்டில் என்ன இருக்கிறதோ அதுதான் உடம்பில் இருக்கும். சாயம் துணியில் இல்லை, கோப்பில் இருக்கிறது. அந்தக் கோப்பைத் தினம் ஏற்றி இறக்குகிறவள் யார்? சாட்சாத் நம்ம சுலோச்சனாதான். சென்னியப்பன் முதலாளியின் சீலைக் கடையில் லிஸ்டிங் வேலை அவளுக்கு.

வரிசையின் கடைசியில் ஒரு கட்டம் உண்டு. 'அணிபவர் நிலை' என்று தலைப்பு. அதைச் சேர்த்தது சென்னியப்பனின் மூளை. குடும்பக் கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ, அவர்கள் வீட்டுப் பெண்களின் நிலையைக் குறிக்கலாம். கன்னி, சுமங்கலி, கைம்பெண். கைம்பெண் என்று போட்டால் நிறக் கட்டங்கள் எல்லாம் செத்துப்போகும், சீலை வெள்ளைக்கு வந்துவிடும். 'மரபு காக்கும் சீலை' என்று விளம்பரம் செய்தார்கள். மாமியார்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். அதற்கப்புறம் இறப்புப் பதிவு ஆபீசோடும் இணைத்துவிட்டார்கள். புருஷன் போன சேதி வீட்டுக்கு வருவதற்கு முன்னால் சீலைக்கு வந்துவிடும்.

சுலோச்சனாவின் புருஷன் போய் முப்பது நாள் கழிந்து அவள் முதல் முறையாக வேலைக்குக் கிளம்பினாள். கத்தரிப்பூ நிறச் சீலை கட்டியிருந்தாள், அவருக்குப் பிடித்த நிறம். இறப்புப் பதிவில் அவர் பெயரை யாரோ தப்பாக எழுதியிருந்ததால் சீலை அதுவரை சும்மா இருந்தது. பஸ்ஸில் கண்டக்டரிடம் சீட்டு வாங்கும்போது அது வெளுத்தது. மடியிலிருந்து ஆரம்பித்து மேலே ஏறியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பொம்பளை எழுந்து வேறு சீட்டுக்குப் போனாள். பின்னால் விசாரித்தபோதுதான் தெரிந்தது, அவள் சீலை சேர்ந்திருந்த குடும்பக் கணக்கு மரகதம் பெயரில் இருந்தது. அண்ணிதான் உட்கார்ந்த இடத்திலிருந்து ஒரு தட்டுத் தட்டியிருக்கிறாள்.

அன்றைக்கே சுலோச்சனா முதலாளியிடம் போய் நின்றாள்.

"ஐயா, என் நிலையை மாத்தணும். சுமங்கலின்னு வேண்டாம். ஒண்ணும் போடாம காலியா விடுங்க. எப்ப மாறும்?"

சென்னியப்பன் பாவம் போல முகத்தை வைத்துக்கொண்டார். "அது மாறாதும்மா."

"ஏன் மாறாது? நிறம் மாறுது, கரை மாறுது."

"அந்தக் கட்டத்துக்குப் பின்னால போற வழியே வைக்கலை. இணையச் சந்தைத் தளத்துக்காரன் கேட்டான், 'திரும்ப மாத்தறதுக்கு வழி வைக்கட்டுமா'ன்னு. அதுக்குத் தனியாக் காசு கேட்டான். கைம்பெண் எங்கேம்மா திரும்பி சுமங்கலி ஆகப்போறா, யாரு வந்து கேக்கப்போறான்னு விட்டுட்டேன். வேற கல்யாணம் பண்ணிப் பதிவு பண்ணினா தானா மாறும். பண்ணிக்கறியா?"

கடைசிக் கேள்வியை அவர் வேடிக்கையாகத்தான் கேட்டார். சுலோச்சனா அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. அன்றிலிருந்து ஓணான் சீலையைத் தொட்டதில்லை. பழைய சாயப் பருத்திச் சீலைகளைத் துவைத்துத் துவைத்துக் கட்டினாள். நிறைமதிக்கென்று எங்கெங்கோ தேடி, நிஜச் சாயத்தில் தோய்த்த அரக்குச் சிவப்புக் கூறைப்பட்டு ஒன்று பிடித்தாள். எவள் தட்டினாலும் வெளுக்காத சீலை. அதுதான் இப்போது வாசற்படியில் கிடந்தது.

கல்யாணத்தன்று காலையில் சுலோச்சனா மண்டபத்துக்குப் போகவில்லை. பெட்டியைத் திறந்தாள், கூறைப்பட்டைத் தானே கட்டிக்கொண்டாள். பொட்டு மட்டும் வைக்கவில்லை. தெருவில் பார்த்தவர்கள் பார்க்கட்டும். நேராகக் கடைக்குப் போய், தன் சாவியால் திறந்து, ஷீட்டின் முன்னால் உட்கார்ந்தாள். முகூர்த்த நாள் என்பதால் முதலாளி சாவகாசமாகத்தான் வருவார்.

மரகதத்தின் குடும்பக் கணக்கைத் தேடினாள். அம்மாடி, எத்தனை சீலை! சூரத்திலிருந்து திரும்பிய நாளிலிருந்து வாங்கிக் குவித்திருக்கிறாள். வாங்கிய தேதி வாரியாகத்தான் ஷீட் இருக்கும், அதனால் அவளுடைய வரிசைகள் மேலே ஒன்று, நடுவில் ஒன்று, அடியில் ஒன்று என்று சிதறிக் கிடந்தன. இன்றைக்கு எதைக் கட்டியிருப்பாள்? யாருக்குத் தெரியும்? எல்லாவற்றுக்கும் போட்டுவிட்டால் தீர்ந்தது.

நடுவில் நிறைமதியின் முகூர்த்தச் சீலையும் ஒரு வரிசையாகக் கண்ணில் பட்டது. அந்தப் பெயரைப் பார்த்ததும் சுலோச்சனாவுக்கு நெஞ்சு இளகியது. இளகக் கூடாது என்று அதையும் சேர்த்து, மரகதம் தவிர மற்ற எல்லா வரிசைகளையும் மறைத்தாள். இப்போது திரையில் மரகதம், மரகதம், மரகதம் என்று மட்டும் இருந்தது.

தன் பழைய வரிசையிலிருந்து 'கைம்பெண்' என்கிற சொல்லைக் காப்பி எடுத்து வைத்திருந்தாள். ஒட்டவேண்டியதுதான் பாக்கி. அங்கே கை நின்றது.

மரகதம் கைம்பெண் என்றால் என்ன அர்த்தம்? தண்டபாணி செத்துவிட்டான் என்று அர்த்தம். கூடப் பிறந்த அண்ணன். சின்ன வயதில் அவளைச் சைக்கிள் பாரில் உட்காரவைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோனவன். அவன் சாவைத் தங்கச்சி கையால் எழுதுவதா?

பஸ்ஸில் எழுந்து போனாளே அந்தப் பொம்பளை, அவள் முகம் ஞாபகத்துக்கு வந்தது. அண்ணனுக்கு அப்போது எல்லாம் தெரியும். 'விடு சுலோ, பொம்பளைங்க விஷயம்' என்று ஒதுங்கிக்கொண்டவன்தானே அவனும்?

முதல் மரகதத்திலிருந்து கடைசி மரகதம் வரைக்கும் இழுத்துப் பிடித்து, ஒட்டி, ஏற்றிவிட்டாள்.

சுவரில் முதலாளி கொட்டை எழுத்தில் ஒரு போர்டு மாட்டியிருந்தார்: 'மறைத்த வரிசையை நம்பாதே.' முன்னால் இந்த வேலையில் இருந்த ஒருத்தி செய்த கூத்துக்குப் பிறகு மாட்டியது. மறைத்தால் வரிசை கண்ணுக்குத்தான் தெரியாது, இடத்தை விட்டுப் போகாது. மேலேயும் கீழேயும் பிடித்து ஒட்டினால் நடுவில் ஒளிந்திருக்கிற அத்தனை வரிசை மேலும் ஒட்டிக்கொள்ளும். லிஸ்டிங் வேலைக்கு வருகிறவர்களுக்கு முதல் நாள் சொல்லித்தருகிற பாடம் இது. புதிதாக வருகிறவர்களுக்குச் சுலோச்சனாவே சொல்லித் தந்திருக்கிறாள். கோபத்தில் இருக்கிறவளுக்கு போர்டு எங்கே தெரியும்?

கண்ணாடிக் கதவுக்கு வெளியே பூ விற்கிற பெண் கூடையை இறக்கினாள். அவள் கட்டியிருந்த ரோஸ் நிறச் சீலை மடியிலிருந்து வெளுத்துக்கொண்டே மேலே ஏறியது. எதிர்ச் சாரியில் ஸ்கூட்டியில் போன டீச்சர் ஒருத்தி வெள்ளையாகத் திரும்பினாள். சுலோச்சனா மறைத்த வரிசைகளைத் திறந்து பார்த்தாள். கண்ணுக்கெட்டினவரை கைம்பெண், கைம்பெண், கைம்பெண். இரண்டு வருஷத்தில் சென்னியப்பனிடம் சீலை வாங்கிய முக்கால்வாசிப் பெண்கள். நிறைமதியும்.

போன் அடித்தது. எடுத்தாள்.

"அக்கா, சீலைக் கடைங்களா? நான் ஓமலூர்லருந்து பேசறேன். சீலை வெளுத்துப்போச்சுக்கா." அந்தப் பெண்ணுக்கு மூச்சு வாங்கியது. "அவரு லாரியில நாக்பூர் பக்கம் போயிருக்காரு. போன் எடுக்க மாட்டேங்கறாரு. உங்களுக்குத் தகவல் வந்துதானே மாத்தினீங்க? எந்த ஊர்லன்னு மட்டும் சொல்லுங்கக்கா. எப்படி ஆச்சுன்னு மட்டும் சொல்லுங்க."

"ஐயோ, இல்லைம்மா! உங்க வீட்டுக்காரருக்கு ஒண்ணும் ஆகலை. தப்பு இங்க. நான்தான் தப்பா ஏத்திட்டேன்."

"என்னைத் தேத்தறதுக்குச் சொல்றீங்க."

"சத்தியமாச் சொல்றேன் தாயி."

"சீலை பொய் சொல்லாதுன்னு நீங்கதானேக்கா விளம்பரம் பண்ணினீங்க?" என்று கேட்டுவிட்டு அந்தப் பெண் ஓவென்று அழுதாள். பின்னால் யாரோ வயசான குரல் மாரடித்துக்கொண்டு ஒப்பாரி வைப்பது கேட்டது. போன் வைத்ததும் அடுத்த போன். அதை வைத்ததும் அடுத்தது. சுலோச்சனா ஒவ்வொருத்தியிடமும் சத்தியம் செய்தாள். ஒருத்தியும் நம்பவில்லை.

சென்னியப்பன் சட்டைப் பட்டனைத் தப்பும் தவறுமாகப் போட்டுக்கொண்டு ஓடிவந்தார். "என் சம்சாரம் வெள்ளையில நின்னு என்னைத் திட்டறா! யாரு ஏத்தினது?"

"நான்தான்."

"திருப்பு! இப்பவே திருப்பு!"

"எப்படித் திருப்பறது? நீங்கதானே வழி வைக்கலை?"

அவர் தளத்துக்காரர்களுக்குப் போன் போட்டார். அங்கே இயந்திரக் குரல் ஒன்று எடுத்து, 'தங்கள் குடும்பத்தின் பேரிழப்புக்கு வருந்துகிறோம், வெள்ளை ரகங்களில் இன்று சலுகை உண்டு' என்றது. போனைத் தூக்கி மேஜையில் அடித்தார்.

"நாசமாப் போச்சு! உனக்குச் சோறு போட்டேன் பாரு, அதுக்கு நல்லா செஞ்சுட்டே. இரு, போலீசைக் கூப்பிடறேன்."

"கூப்பிடுங்க. அந்தக் கட்டத்தை யாரு வெச்சதுன்னு அவங்களும் கேப்பாங்க."

இவ்வளவு நடக்கும்போதுதான் தண்டபாணி வந்து நின்றான். பட்டு வேட்டி, சந்தனம், கழுத்தில் மாலை. கையில் போனைப் பிடித்திருந்தான். அதில் அவனுடைய மறைவுக்குச் சீலைக் கம்பெனியின் இரங்கல் செய்தி வந்திருந்தது.

"சுலோ, மண்டபமே வெள்ளையா நிக்குது. பொண்ணு மணவறையில உக்காந்துக்கிட்டிருக்கா. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க முணுமுணுக்கறாங்க. அந்தக் கூறைப்பட்டைக் கொடு. அது ஒண்ணுதான் நிஜச் சாயம்." அப்புறம்தான் அவள் கட்டியிருப்பதைப் பார்த்தான். பார்வையைத் தரைக்குத் தாழ்த்திக்கொண்டான்.

"அண்ணா, நான்தான் போட்டேன்."

"என்னத்தை?"

"அண்ணி பேருக்கு நேரா. அவங்களுக்கு மட்டும்னுதான் போட்டேன். எல்லாருக்கும் போயிருச்சு."

தண்டபாணி தன் போனில் இருந்த செய்தியைப் பார்த்தான். "அப்ப என்னைச் சாகடிச்சது நீயா?"

"ஆமா."

"ஒரு தடவையாவது என்னை நெனச்சியா?"

"நெனச்சேன். நெனச்சுட்டுத்தான் போட்டேன். என் பேருக்கு நேரா அண்ணி போட்டப்ப நீ என்னை நெனச்சியா? பஸ்ஸுல அத்தனை பேரு முன்னால வெளுத்துப் போய் நின்னேனே, வந்து பாத்தியா?"

தண்டபாணியின் கையிலிருந்த போன் அடித்தது. நிறைமதி. ஒலிபெருக்கியில் போட்டான்.

"அப்பா, அத்தை இருக்கா?"

"இருக்கேன் கண்ணு," என்றாள் சுலோச்சனா. "வேற சீலை மாத்திக்கிட்டு இதை அனுப்பி வைக்கறேன். என்னை மன்னிச்சிரு. உன் சீலையை வெளுக்க வெச்சது நான்தான்."

"அந்தப் பட்டைத் திருப்பிக் கொடுத்துட்டதா அம்மா நேத்துத்தான் சொன்னாங்க. முன்னாடியே தெரிஞ்சிருந்தா விட்டிருக்க மாட்டேன். பண்ணினது தப்பு அத்தை. ரொம்பத் தப்பு. இங்க எத்தனை பேரு அழறாங்க தெரியுமா? உன்கிட்ட அப்புறம் சண்டை போடறேன்." குரல் கோபத்தில்தான் இருந்தது. "இப்ப அதை அவுக்காதே. கட்டிக்கிட்டே வா. நான் இந்த வெள்ளையிலயே உக்காந்துக்கறேன்."

"மதி, வேணாம்மா."

"வர்றியா, நான் எந்திரிச்சு வரட்டுமா?"

சுலோச்சனா மண்டபத்துக்குள் நுழைந்தாள். பெரியவள் சின்னவள் எல்லாரும் வெள்ளை. கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தவர்கள் சிலர், போனில் புருஷனிடம் 'பேசிக்கிட்டே இருங்க, வெச்சுறாதீங்க' என்று கெஞ்சிக்கொண்டிருந்தவர்கள் சிலர். அத்தனை வெள்ளைக்கு நடுவில் அவள் ஒருத்திதான் அரக்குச் சிவப்பு. எல்லாத் தலையும் அவள் பக்கம் திரும்பியது. பந்தி நடக்கிற பக்கமாக ஒதுங்கப் போனாள்.

புரோகிதர் மாப்பிள்ளை ஊர்க்காரர். இவர்கள் யாரையும் தெரியாது. தாலித்தட்டைத் தூக்கிக்கொண்டு சபையைச் சுற்றிப் பார்த்தார், திருதிருவென்று விழித்தார். சிவப்பு ஒன்று கண்ணில் பட்டது, பொட்டில்லாத நெற்றி படவில்லை.

"ஏதோ யந்திரக் கோளாறுன்னு சொல்றேள். இருக்கட்டும். ஆனா வெள்ளை கட்டின கையில தாலித்தட்டைத் தர எனக்கு மனசு வரலை. அதோ, அந்தச் சிவப்புச் சீலை அம்மா! நீங்க வாங்கோ. சபையில கொண்டுபோய் எல்லார்கிட்டயும் ஆசீர்வாதம் வாங்கிண்டு வாங்கோ."

உறவுக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். முன் வரிசையில் ஒரு பெரியவர், "அந்தம்மா வந்து..." என்று எழுந்தார்.

"அத்தை, வா," என்றாள் நிறைமதி, மணையிலிருந்து. பெரியவர் உட்கார்ந்துவிட்டார்.

சுலோச்சனா தட்டை வாங்கினாள். தேங்காய் மேல் மஞ்சள் கயிறு. எல்லாரையும் தாண்டி நேராக மரகதத்திடம் போனாள். மரகதம் மேடைக்குக் கீழே தூணோரமாக, வெள்ளைச் சீலையில் நின்றாள். பக்கத்தில் தண்டபாணி, மாலையும் கழுத்துமாக.

"முதல்ல நீங்க தொடுங்க அண்ணி. பெத்தவ நீங்க."

மரகதத்தின் கை எழும்பப் பார்த்தது. அவள் குனிந்து தன் சீலையைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். மறுபடியும் சீலையைப் பார்த்தாள்.

"தொடுங்க. அண்ணன் இதோ நிக்கறார்."

"அவரு நிக்கறாரு, தெரியுது." இரண்டு கைகளையும் முந்தானைக்குள் இழுத்துச் சுருட்டிக்கொண்டு, ஒரு அடி பின்னால் போனாள் மரகதம். "வேணாம் சுலோ. என் பொண்ணு நல்லா இருக்கணும். நான் ஒதுங்கியே நிக்கறேன்."

இதைப் பார்க்கத்தானே காலையிலிருந்து இத்தனையும்? பார்த்தாயிற்று. சுலோச்சனாவுக்கு வாயெல்லாம் கசந்தது.

"அம்மா, நேரமாறது, அடுத்தவாகிட்டப் போங்கோ," என்றார் புரோகிதர்.

சுலோச்சனா நகரவில்லை. தட்டை ஏந்தின கையோடு மரகதத்தின் முன்னால் அப்படியே நின்றாள்.